நாளை வராது என்றது பறவை

ஓகி தீவு
ஜனவரி 19, 2001

கென்சாகு,

குளிர் எப்படி, உடம்பு எப்படி என்று முறையாகக் கேட்டு ஆரம்பிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. போன் செய்தால் கத்திவிடுவேன். கோஹரு பக்கத்து அறையில் இருக்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

புத்தாண்டுக்கு ஒரு விளையாட்டுக் கருவியும், உங்கள் கம்பெனி செய்த விளையாட்டும் அனுப்பினாயே, புண்ணியவானே, அன்றைக்கு ஆரம்பித்தது. உன் மருமகள் கோஹரு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தூங்கவில்லை. மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதே. கண் செருகினால் தொடையைக் கிள்ளிக்கொள்கிறாள். வாயில் உமெபோஷி ஊறுகாயை அடக்கிக்கொண்டு அந்தப் புளிப்பில் விழித்திருக்கிறாள். நேற்றுப் பள்ளியில் சோற்றுக் கிண்ணத்திலேயே முகம் கவிழ்ந்துவிட்டதாம். ஆசிரியை வீட்டுக்கே வந்து, "வீட்டுல ஏதாச்சும் பிரச்சினையா?" என்று என்னையும் உன் அத்தான் தெட்சுஜியையும் மாறி மாறிப் பார்த்தாள். மானம் போயிற்று.

அந்த விளையாட்டில் பிடித்துச் சேர்க்க எத்தனையோ ஜந்துக்கள் இருக்கின்றன. நெருப்பு நரி இருக்கிறது, ஆமை இருக்கிறது. இவளுக்குப் பிடித்தது நீ எழுதிய ஹிமாமோரிதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை கூரைமேல் நின்று சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நீளக் கழுத்துப் பறவை. ஒரு கண்ணுக்கு நேற்று தெரியுமாம், மறு கண்ணுக்கு நாளை தெரியுமாம், இன்றைக்கு நடப்பது மட்டும் ஒன்றும் தெரியாதாம். பெயரை ஹி-மாமோரி என்று பிரித்தால் சூரியனுக்குக் காவல். என் வீட்டுக்காரர் அதை ஹிமா-மோரி என்று பிரித்து, "வெட்டியா இருக்கறதுக்கு ஒரு காவல்!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நாளுக்கு ஒரு தடவை அதைக் கேட்கலாம், அது ஒரு வரி பதில் சொல்லும். ஞாயிறு காலை இவள் கேட்டிருக்கிறாள். அது சொன்னது:

"நாளை வராது."

அவ்வளவுதான். திரையில் இன்னும் அதேதான் இருக்கிறது. பொத்தானை அமுக்க விடமாட்டேன் என்கிறாள். சுவரில் ஒயரைச் செருகி, கருவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏன்டி தூங்க மாட்டேங்கற?"

"தூங்கினா நாளைக்கே வராதும்மா. முழிச்சிருந்தா இன்னிக்கே இருக்கும்ல?"

"அது பொம்மைடி, கழுத."

"பொம்மை இல்ல. மாமா செஞ்சது."

கேட்டுக்கொண்டாயா? மாமா செய்தது! அவளுக்கு மூன்று வயதில் வலிப்பு வந்தபோது அவளைப் பக்கவாட்டில் புரட்டிப் பிடித்தவன் நீதான். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "தூக்கம் கெட்டா மாத்திரையும் காப்பாத்தாது, ஞாபகம் வச்சுக்குங்க," என்கிறார் டாக்டர். நீ எழுதிய வரியை நீயே வந்து அழி. வர முடியாவிட்டால் அவளுக்கு ஏதாவது எழுது.

யசுயோ


டோக்கியோ
ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்றுதான் கையில் கிடைத்தது. உறையைப் பார்த்ததும் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் நீ வைத்துவிட்டாய். சரி, நானும் எழுதுகிறேன்.

முதலில் கோஹருவைக் கூப்பிட்டு உட்காரவை. அடுத்து வருவதை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.

கோஹரு, மாமா சொல்றேன் கேளு. ஹிமாமோரி சொன்னது கப்பலைப் பத்தி! நம்ம தீவுக்கு வர்ற கப்பல். துறையில டிக்கெட் ஜன்னலுக்குள்ள குல்லாய் போட்டுக்கிட்டு ஒருத்தர் உட்கார்ந்திருப்பாரே, கடல் கொஞ்சம் பொங்கினா போதும், உதட்டைப் பிதுக்கி என்ன சொல்வாரு? "நாளக்கி வராது." அதேதான் இது. நாளைக்குக் கப்பல் வராது. நாளை பாட்டுக்கு வந்துரும். போய்த் தூங்கு.

அக்கா, இதைப் படித்து நீயே சிரித்திருப்பாய். நம் தீவில் யார் கப்பலைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? "வந்துதா?" "வரல." "நாளைக்கு?" "வராது." எது என்று கேட்பவன் வெளியூர்க்காரன். நான் அந்த வரியை நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதியிருந்தேன். விளையாட்டில் முதலில் ஒரு தீவு இருந்தது, ஒரு துறை இருந்தது. பறவை துறையில் நின்று நாளைக்குக் கப்பல் உண்டா இல்லையா என்று சொல்லும். அலுவலகத்தில் என் பேச்சைத் திருத்தி டோக்கியோ பேச்சாக்கினார்கள். அப்புறம் கருவியில் இடம் போதவில்லை என்று தீவையே வெட்டி எறிந்தார்கள். வரி மட்டும் தங்கிவிட்டது. ஒருநாள் மேலதிகாரி அதைப் படித்துவிட்டு, "அடேயப்பா, நாளை வராதாம்! என்ன ஆழம்யா!" என்று தோளில் தட்டினார். கப்பல் டிக்கெட் விஷயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது அந்த வரி எந்த ஊரில், எந்த வீட்டுக் கூரையில் நின்று கேட்டாலும் வரும். நூற்றுச் சொச்ச வரிகளில் ஒன்று. பறவை எதையும் பார்க்கவில்லை, அக்கா. உள்ளே பகடை உருளுகிறது, விழுந்ததைச் சொல்கிறது. அத்தானுக்கு என் வணக்கம். வெட்டிக் காவல் நல்ல பெயர், எங்களுக்குத் தோன்றாமல் போயிற்று.

கென்சாகு


ஓகி
ஜனவரி 31

கென்சாகு,

நீ எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். டிக்கெட் ஜன்னல்காரர் மாதிரி உதட்டைப் பிதுக்கியும் காட்டினேன். கோஹரு சிரித்தாள். எத்தனை நாளைக்கு அப்புறம்! அவளே பொத்தானை அமுக்கினாள், கருவியை மூடினாள், கணப்பு மேசைக்கடியில் காலை நீட்டிப் படுத்தாள். மதியத்திலிருந்து இருட்டும்வரை அசையாமல் தூங்கினாள். அந்தச் சின்ன வாய் திறந்திருந்ததைப் பார்த்து நான் உனக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். அதை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

எழுந்தவுடன் மிசோ சூப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அம்மா, அப்பா எதுல வருவாரு?"

"எபிசு மருல. வேற எதுல?"

"அதுவும் கப்பல்தானே?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. தெட்சுஜி அந்த மீன்பிடி படகில் கணவாய் பிடிக்கப் போயிருக்கிறார், உனக்குத் தெரியாது. உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள்தான் கிளம்பினார். ஊர்க் கப்பல்தான் வராது என்று பறவை சொன்னதா, எந்தக் கப்பல் என்று சொன்னதா என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல? "பேர் சொல்லலையேம்மா. பேர் சொல்லலைன்னா எதுவா வேணா இருக்கலாம்ல?" எட்டு வயதுக் குழந்தைக்கு இருக்கிற மூளை உங்கள் கம்பெனியில் ஒருத்தருக்கும் இல்லையா?

இதற்கு முன் அவளுடைய பயத்துக்கு முகம் கிடையாது. நாளை வராது என்றால் ஒரு பிள்ளை எத்தனை நாள் பயப்படும்? நாளைதான் தினமும் வருகிறதே, தானாகச் சரியாகியிருக்கும். நீ விளக்கம் சொன்னாய். இப்போது பயத்துக்குப் பெயர் எபிசு மரு, ஆள் அவளுடைய அப்பா. மறுபடி கருவியை மடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் வலிப்பு வந்துவிட்டது. வரிசையில் நிற்கும்போதே விழுந்தாளாம். கன்னத்தில் சிராய்ப்பு. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது கண் திறந்திருந்தது, என்னைத் தெரியவில்லை. கொஞ்ச நேரம்தான். ஆனால் கென்சாகு, என் பிள்ளை என்னைப் பார்த்தாள், நான் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

இன்னொன்று வந்தால் தீவு மருத்துவமனை போதாது, அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறார் டாக்டர். எதில் கொண்டுபோவது? கப்பலில்தான். அவள் ஏறுவாளா? இனி எனக்கு விளக்கம் எதுவும் எழுதாதே. அவளைத் தூங்கவைக்க வழி இருந்தால் சொல்.

யசுயோ


டோக்கியோ
பிப்ரவரி 5

அக்கா,

வழி எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல எழுதி நாலு தாளைக் கிழித்துப் போட்டேன்.

தொலைக்காட்சியில் ஜப்பான் கடல் முழுக்கப் பனிப்புயலில் வெள்ளையாகக் காட்டுகிறார்கள். அத்தான் வந்துவிட்டாரா? மீனவர் சங்கத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், "நீங்க யாரு? சொந்தமா? வீட்டுல கேட்டுக்குங்க," என்று வைத்துவிட்டாள். உன் எண்ணுக்கு அடித்தால் மணி போய்க்கொண்டே இருக்கிறது. நீ துறையில் நிற்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். கருவியைப் பிடுங்காதே. பிடுங்கினால் பறவை கடைசியாகச் சொன்னது கப்பலைப் பற்றியது என்று அவள் மனசில் தங்கிவிடும். அவள் கூடவே உட்கார். அவள் விழித்திருந்தால் நீயும் விழித்திரு. தனியாக விழித்திருப்பதுதான் அவளைத் தின்கிறது என்று நினைக்கிறேன். இது விளக்கம் இல்லை.

ஒரு வரியாவது எழுது. திட்டியாவது எழுது.

கென்சாகு


ஓகி
பிப்ரவரி 16

தம்பி,

உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் அதைச் செய்துவிட்டேன். சொல்கிறேன், வரிசையாகச் சொல்கிறேன்.

எபிசு மரு செட்சுபுன் பண்டிகைக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரேடியோவும் பேசவில்லை. செட்சுபுன் அன்று பேயின்மேல் எறிந்து விரட்ட நான் சோயா வறுத்து வைத்தேன். வருஷா வருஷம் பேய் முகமூடி போட்டுக்கொண்டு ஓடுவது தெட்சுஜிதான், உனக்குத் தெரியும். கோஹரு சோயாக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "பேயே இல்லாம பேயை எப்படிம்மா வெளிய விரட்டறது?" நானே முகமூடியை மாட்டிக்கொண்டேன். அவள் ஒரு பருப்பைக்கூட எறியவில்லை. "நீ வெளிய போகாதம்மா," என்று காலைக் கட்டிக்கொண்டாள்.

அப்போது அவள் உடம்பு கொதித்தது. கண் இமை துடிக்க ஆரம்பித்திருந்தது. இது முன்பு வலிப்புக்கு முன்னால் வந்த அதே துடிப்பு. நான் சொன்னேன்: "கண்ணு, உனக்குப் பதிலா நான் முழிச்சிருக்கேன். நாளையை நான் பிடிச்சு வச்சுக்கறேன். நீ தூங்கு."

"சத்தியமா?"

"சத்தியமா."

"கருவியை மூடக் கூடாது. நீ கையிலயே வச்சிருக்கணும்."

"சரி."

அவள் தூங்கிவிட்டாள். விடிந்து, கோயில் மணி அடித்து, பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டியும் தூங்கினாள். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். கையில் அந்தப் பறவையோடு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் காலை, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், கருவித் திரையில் சூரியன் ஏறியிருந்தது. நான் பொத்தானை அமுக்கி அதைக் கேட்டேன்.

உன்னை அந்தத் திட்டுத் திட்டிய நான்தான் கேட்டேன். என் புருஷன் வருவாரா என்று வாய்விட்டே கேட்டேன். அது சொன்னது: "பசிக்கிறது."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்கா கேட்டேன் என்று. அப்புறம் சட்டென்று தோன்றியது, யாருக்குப் பசிக்கிறது? பசிக்கிறவன் என்றால் உயிரோடு இருக்கிறவன்தானே? எழுந்து சோறு வடித்து, உருண்டை பிடித்து, துறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். சங்கத்துப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். பாவம், மூளை கலங்கிவிட்டது என்று ஒதுங்கி நின்றார்கள். மறுநாளும் கொண்டுபோனேன். அன்று எபிசு மரு வந்தது. ரேடியோ கெட்டுப்போய், எஞ்சினில் கோளாறாகி, எங்கோ ஒரு குடாவில் ஒதுங்கியிருந்திருக்கிறார்கள். தெட்சுஜி இறங்கினார். தாடியில் உப்பு. என்னைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"பசிக்குது."

நீ சொல்வாய், கடலில் கிடந்து வந்தவன் வேறென்ன சொல்வான் என்று. நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். பகல் முழுக்கச் சொல்லிக்கொள்கிறேன்.

கோஹரு நன்றாக இருக்கிறாள். அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். தூங்குகிறாள், தின்கிறாள், கருவி எங்கே என்றுகூடக் கேட்பதில்லை, வகுப்பில் கயிறு தாண்டுகிறாள். அவளுடைய பயம் போய்விட்டது. எங்கே போனது என்று எனக்கு மட்டும் தெரியும்.

என்னால் அதை மூட முடியவில்லை, தம்பி. மின்சாரம் போனால் என்ன செய்வது என்று கடையில் இருந்த பேட்டரி எல்லாவற்றையும் வாங்கி வைத்திருக்கிறேன். தினமும் காலையில் கேட்கிறேன். "குடை எடுத்துக்கொள்," என்றால் கோஹருவைக் குடையோடு அனுப்புகிறேன். "வாயில் கதவைத் தாழிடு," என்ற அன்று தபால்காரரைக்கூட உள்ளே விடவில்லை. தெட்சுஜி முதலில் சிரித்தார். "வெட்டிக் காவலுக்கு நீ வெட்டிக் காவலா?" என்றார். இப்போது சிரிப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை எபிசு மரு மறுபடி கிளம்புவதாக இருந்தது. அன்று காலை பறவை சொன்னது: "திரும்பாது."

நான் அவருடைய பூட்ஸை அரிசி டப்பாவுக்குள் ஒளித்தேன். கிடைக்காமல் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கக் கிளம்பினார். வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டேன். ஊரே வேடிக்கை பார்த்தது. படகு அவர் இல்லாமல் போய்விட்டது. அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை.

அது இல்லை நான் சொல்ல வந்தது. படகில் மற்றவர்கள் போயிருக்கிறார்கள். அவர்களுடைய மனைவிகள் ஐந்து பேரையும் தினமும் கடையில் பார்க்கிறேன். "என்ன யசுயோ, புருஷனை முடிஞ்சு வச்சுக்கிட்டியாமே!" என்று கேலி செய்கிறார்கள். நானும் இளிக்கிறேன். பறவை என்ன சொன்னது என்று அவர்களிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா? சொன்னால் யார் கேட்பார்கள்? சொல்லாமல் இருந்துவிட்டு, நாளைக்கு ஏதாவது ஆனால் அவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? எதுவும் ஆகாவிட்டால் நான் பைத்தியம், அவ்வளவுதானே. பைத்தியமாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று வேண்டிக்கொள்கிறேன்.

"திரும்பாது" என்று நீ எதை எழுதினாய்? எது திரும்பாது? எனக்கு அது மட்டும் தெரிய வேண்டும். விளக்கம் எழுதாதே என்று சொன்னதை மறந்துவிடு. எழுது.

அக்கா


டோக்கியோ
பிப்ரவரி 20

அக்கா,

எதைப் பற்றி எழுதினேன் என்று எனக்குத் தெரியும். சாதாரண விஷயம். கேட்டால் நீ சிரிப்பாய். ஆனால் சொல்ல மாட்டேன். போன தடவை நான் சொன்னதுதான் கோஹருவைக் கீழே தள்ளியது. நான் ஒன்றைச் சொன்னால் நீ அதை வைத்து வேறொன்றைக் கண்டுபிடிப்பாய். உன்னைக் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

இன்று சங்கத்துக்குப் போன் செய்தேன், யசுயோவின் தம்பி என்றேன். இந்தத் தடவை அந்தப் பெண் பேசினாள். எபிசு மரு ரேடியோவில் பேசுகிறதாம், எல்லோரும் நலமாம். இதைப் படிக்கும்போது நீ நம்புவாயா என்று எனக்குத் தெரியவில்லை. இன்று பேசியது, நாளைக்கு என்று கேட்பாய்.

லீவு சொல்லிவிட்டேன். மேலதிகாரி ஏன் என்றார். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அது பொய் இல்லையே. வெள்ளிக்கிழமை அக்கரையில் சகாய்மினாத்தோவில் கப்பல் ஏறுகிறேன். வந்து நீ தூங்கும் வரைக்கும் அந்தக் கருவியை என் கையில் வைத்துக்கொள்கிறேன். நான் முழித்திருக்கிறேன், நீ படு. தூங்கி எழுந்தபின் அதை என்ன செய்யலாம் என்று நீயே சொல். கடலில் போடச் சொன்னாலும் சரி, கோஹரு பார்க்காத இடத்தில் போடுகிறேன். அத்தானிடம் நான் பேசுகிறேன். அந்த ஐந்து வீட்டுக்கும் உன்னோடு நானும் வருகிறேன்.

அந்தப் பகடையை உருட்டும் கணக்கை எழுதியவன் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறான். இப்போதும் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறான். அதில் எதுவும் இல்லை என்று எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

வெள்ளிக்கிழமை காற்று எப்படி என்று வானொலியில் கேள். டிக்கெட் ஜன்னலில் கேள். அத்தானைக் கேள், பேசாவிட்டாலும் கேள். நான் வருவேனா என்று அதனிடம் மட்டும் கேட்டுவிடாதே.

கென்சாகு